ஓவர் கொடுக்கும் நேரம்

நைட் டியூட்டி முடிந்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போதுதான் சொன்னார்கள். "யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. எட்டரைக்கு மேல்மாடி ஹாலில் கிளாஸ். அட்டெண்டன்ஸ் உண்டு." பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு, மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று வகுப்பு.

ஹாலில் ஏ.சி. இருந்தது. அதுவே பாதி வேலையைச் செய்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் திரையில் ஒரு சூரிய உதயப் படத்தைப் போட்டு, 'பணியிட ஆன்மிகமும் செவிலியர் நலனும்' என்று தலைப்பைக் காட்டினார். கன்னியாகுமரிக்காரர்களுக்கே சூரிய உதயப் படம். சரி, போகட்டும். கண்ணை மூடி மூச்சை மெதுவாக இழுக்கச் சொன்னார். மூன்றாவது மூச்சில் பக்கத்து நாற்காலிக்காரி தூங்கிவிட்டாள். ஐந்தாவதில் நானும். கண்ணைத் திறந்தபோது அந்த மனிதர் முகம் மலர்ந்து நிற்கிறார். "பார்த்தீங்களா, எவ்வளவு ஆழமான அமைதி!" பின்வரிசையில் ஒருத்தி விட்ட குறட்டையை அவர் எந்தக் கணக்கில் சேர்த்தாரோ தெரியவில்லை. நான் வீடு வந்து சேரும்போது மணி பதினொன்று. அன்று ராத்திரியும் எனக்கு நைட்.

அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர்; கடைசியில் எல்லோரையும் கும்பிட்டுத்தான் போனார். நான் வேலை பார்ப்பது நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், நாளையும் டியூட்டி இருக்கிறது.

ஆனால் அந்தத் தலைப்பு மண்டையை விட்டுப் போகவில்லை. அடுத்த ஆஃபில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஆஷ்மோஸ், டூஷான் என்ற இரண்டு மேலாண்மை ஆய்வாளர்கள் 2000இல் எழுதியதைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். வேலைக்கு வருகிறவருக்கு உள்ளே ஒரு வாழ்க்கை இருக்கிறது. அர்த்தமுள்ள வேலை அதற்குத் தீனி போடுகிறது. இதெல்லாம் நம்மோடு வேலை செய்கிற மனிதர்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. சுருக்கமாக அவ்வளவுதான். 2003இல் மில்லிமனும் இன்னும் இருவரும் இதோடு ஒன்று சேர்த்தார்கள்: நிறுவனம் எதை மதிக்கிறதோ அதுவும், நாம் எதை மதிக்கிறோமோ அதுவும் ஒத்துப்போக வேண்டும். மூச்சுப் பயிற்சி இதில் எங்கே வருகிறது என்று தேடினேன். வரவில்லை.

எங்கள் மாவட்டத்தில் ஆஸ்பத்திரியும் ஜெபமும் ஒன்றாகத்தான் வந்தன. லண்டன் மிஷனரி சங்கம் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது 1838இல். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர், இறங்கியபின் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை விட்டு இங்கேயே வந்துவிட்டார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் படித்த பெண்கள்தான் எங்கள் அத்தை, சித்தி தலைமுறை நர்சுகள். அவர்கள் வேலை என்று சொல்ல மாட்டார்கள், ஊழியம் என்பார்கள். அத்தை ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியும், தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

அந்த வார்த்தை அவள் வாயில் வரும்போது எனக்கு மரியாதைதான். அதே வார்த்தை இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்போதுதான் வயிறு எரிகிறது. நான் முதன்முதலில் வேலைக்குப் போனபோது சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "இதை நீங்க சம்பளமா பார்க்கக்கூடாது சிஸ்டர், இது ஒரு சேவை" என்றார் அந்த மேனேஜர். அவர் தன்னுடையதைச் சம்பளமாகப் பார்த்தாரா, சேவையாகப் பார்த்தாரா என்று கேட்கும் தைரியம் அப்போது எனக்கு இல்லை. உச்சநீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பது படுக்கைக்குக் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரியாக இருந்தாலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. 200 படுக்கைக்கு மேலே என்றால் அரசு நர்சுக்கு நிகரான சம்பளம் தர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பரிந்துரைதான். என்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஆள் கணக்கும் அப்படித்தான். இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு, பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ், லீவுக்காக 30 சதவீதம் கூடுதல். எங்கள் வார்டில் 34 பெட். நைட்டுக்கு இரண்டு பேர். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால், பக்கத்து வார்டிலிருந்து ஒரு பயிற்சிப் பிள்ளையை அனுப்பி, 'ஆள் இருக்கு' என்று ரோஸ்டரில் எழுதிவிடுவார்கள்.

ஒவ்வொரு மே 12ஆம் தேதியும், செவிலியர் தினத்தன்று, எங்களுக்கு மெழுகுவத்தி உண்டு. நைட்டிங்கேல் உறுதிமொழி உண்டு, கேக் உண்டு, போன வருடம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் உண்டு. அந்த உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவே இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஒரு நர்சிங் பள்ளியில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவரின் தலைமையில் 1893இல் எழுதியது. டாக்டருக்கு விசுவாசமாக உதவுவேன் என்ற வரி அதில்தான் இருக்கிறது. உண்மையான நைட்டிங்கேல், கிரிமியப் போரில் எத்தனை சிப்பாய்கள் காயத்தால் செத்தார்கள், எத்தனை பேர் சுகாதாரக் கேட்டால் செத்தார்கள் என்று எண்ணி, 1858இல் வண்ணப் படமாகப் போட்டு அதிகாரிகள் முகத்துக்கு நேரே நீட்டிய பெண். அவளுடைய விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, கணக்கு நோட்டை யாரோ அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இப்படியெல்லாம் சொல்வதால் எனக்கு நம்பிக்கை இல்லை, இந்த வேலையில் தெய்வ காரியமே இல்லை என்று சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உண்டு. நான் அதைப் பார்த்த இடம் அந்த ஹால் இல்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு வார்டுக்குப் பொறுப்பான ஒரு சார்ஜ் சிஸ்டர் இருந்தார். இப்போது ரிட்டையர் ஆகிவிட்டார். காலை ஏழுக்கு டியூட்டி என்றால் ஆறே முக்காலுக்கு வந்துவிடுவார். வந்ததும் ஓவர் எடுக்க மாட்டார். முதலில், "தின்னாச்சா மக்களே?" என்று கேட்பார். நைட் பார்த்த பிள்ளைகள் ஒன்றும் தின்றிருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பையில் ஒரு தூக்குவாளி இருக்கும். அவித்த மரச்சீனிக் கிழங்கு, காந்தாரி மிளகு சம்மந்தி. சில நாள் மட்டிப் பழம். நாங்கள் நர்சிங் ஸ்டேஷன் கவுண்டருக்குக் கீழே குனிந்து, டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே ஆளுக்கு இரண்டு துண்டு தின்போம்.

அப்புறம் அவர் வார்டை ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு பெட்டின் கால்மாட்டுக் கம்பியையும் வலது கையால் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். கம்பி ஆடுகிறதா என்று பார்க்கிறார் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, ஜெபம் பண்ணுகிறார் என்றாள் இன்னொருத்தி. ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் இல்ல பிள்ளே. எண்ணுறதாக்கும். நேத்தைக்கு விட்டுட்டுப் போனவங்க எல்லாரும் இருக்காங்களான்னு."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. அது கணக்கா ஜெபமா என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஓவர் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு டியூட்டி முடிந்து அடுத்த டியூட்டிக்காரியிடம் வார்டை ஒப்படைப்பது. பெட் பெட்டாக நின்று சொல்ல வேண்டும். ஏழாம் பெட், சுகர் 280, இன்சுலின் போட்டாச்சு, காலில் டிரெஸ்ஸிங் பாக்கி. எட்டு, மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி போட்ட இடம் வீங்கிவிட்டது, மாற்ற வேண்டும். ஒன்பது, யூரின் ராத்திரி முழுக்க 200 மில்லிதான், டாக்டரிடம் சொல்லியாச்சு. நின்று சொன்னால் இருபது நிமிடம் ஆகும். இந்த இருபது நிமிடத்துக்கு எனக்குத் தெரிந்த எந்த ஆஸ்பத்திரியும் சம்பளம் தருவதில்லை. முதல் ஆள் தாமதமாகப் போக வேண்டும், அடுத்த ஆள் சீக்கிரம் வர வேண்டும். அதனால் பல இடங்களில் கவுண்டரிலேயே நின்று நோட்டைப் பார்த்துப் படித்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் சிஸ்டர் அதற்கு விடவே மாட்டார்.

அந்த ஒரு ராத்திரியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

இருபத்தொன்றாம் பெட்டில் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒரு பாட்டி. இதயம் ரொம்பப் பலவீனம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லி, வீட்டாரும் ஒத்துக்கொண்டாயிற்று. மகன் ஆழ்கடலுக்குத் தங்கல் போட்டில் போயிருந்தான். போனால் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பைஸ்டாண்டராக இருந்த பேத்தி மூன்று நாள் தூங்காதவள், மாற்று ஆள் காலையில் வரும் என்று சொல்லி அவளைப் பெரியவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பாட்டி போகிற வருகிற எல்லாரையும் "மக்களே" என்று கையை நீட்டிக் கூப்பிடும். பிடித்தால் விடாது. பிடி நல்ல பலம். வருசக்கணக்காக மீன்கூடை சுமந்த கை.

மூன்றரை மணி இருக்கும். ஆறாம் பெட்டில் ஒரு பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற ஆரம்பித்திருந்தேன். ரத்தம் ஏற்றினால் முதல் பதினைந்து நிமிடம் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது. ரியாக்‌ஷன் வந்தால், ஆபத்தானது பெரும்பாலும் அதற்குள்தான் தலைகாட்டும். குளிர், நடுக்கம், முதுகுவலி, பி.பி. இறங்குவது. கூட இருந்தவள் கேசுவாலிட்டியிலிருந்து வந்த புது அட்மிஷனை வாங்கிக்கொண்டிருந்தாள். வாந்தி எடுத்துக்கொண்டே வந்த ஆள், அவளாலும் விட முடியாது. பாட்டியின் மூச்சுச் சத்தம் மாறியது எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது. நர்சுகளுக்குத் தெரியும் அந்தச் சத்தம். விட்டு விட்டு வரும். அடுத்தது வருமா என்று நம்முடைய மூச்சும் சேர்ந்து நிற்கும்.

நான் போகவில்லை. ஆறாம் பெட் பிள்ளையின் நாடியைப் பிடித்துக்கொண்டு வாட்சைப் பார்த்தபடி நின்றேன்.

பதினைந்து நிமிடம் முடிந்து ஓடிப் போய்ப் பார்த்தால், பக்கத்துப் பெட்டில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தக்கலைக்கார அம்மா பாட்டியின் கையைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். தலையில் முக்காடு. உதடு மட்டும் அசைகிறது, அவருடைய துஆ. மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன். பாட்டி போய்விட்டிருந்தாள். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "பரவாயில்ல சிஸ்டர், நான் இருந்தேன்" என்றார்.

அப்புறம் எல்லாம் எப்போதும் நடப்பதுதான். டாக்டர் வந்து பார்த்து நேரம் எழுதினார். நான் ஊசிகளைக் கழற்றினேன், கண்ணை மூடிவிட்டேன், தாடையைக் காஸ் துணியால் கட்டினேன், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினேன், முகத்தைத் துடைத்தேன். கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றி வீட்டாரிடம் கொடுக்கவா, அப்படியே விடவா என்று ஒரு நிமிடம் யோசித்து, அப்படியே விட்டேன். நான்கு மணிக்கு அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு ரப்பர் வெட்டு. பால் நன்றாக ஓடுவது வெயில் ஏறுவதற்கு முன்தான், அதனால் அந்நேரம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டில் அந்த மணிக்கு விழித்திருக்கிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "அங்க மழை உண்டுமா?" என்றார். இல்லை என்றேன். "செரி, இங்கயும் இல்ல" என்றார். போனை வைத்துவிட்டு ஐந்து மணி ஊசிகளை எடுத்து வைக்கப் போனேன்.

1984இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும், நிறுவனத்தின் நெருக்கடியால் அதைச் செய்ய முடியாமல் போகும்போது வரும் வேதனை. தமிழில் அறத் தவிப்பு என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவர் இதை நர்சுகளைப் பார்த்துத்தான் எழுதினார். அன்றைக்கு நான் செய்தது தவறில்லை. இன்னொரு தடவை வந்தாலும் ஆறாம் பெட்டில்தான் நிற்பேன். மூன்றாவதாக ஒரு நர்ஸ் இருந்திருந்தால் அந்தக் கையை ஒருத்தி பிடித்திருப்பாள். இதற்கு எந்த மூச்சை இழுத்து எப்படி விட வேண்டும் என்று யாராவது சொல்லட்டும். உலக சுகாதார நிறுவனமே 2019இல் 'பர்ன் அவுட்' என்பதை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுத்தது. வேலையிடத்தில், என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

அன்று காலை ஓவர். இருபத்தொன்றாம் பெட் வந்ததும் வழக்கம்போலச் சொன்னேன். "ட்வென்டி ஒன், எக்ஸ்பயர்டு, மூன்று நாற்பது, பாடி கொடுத்தாச்சு." அடுத்த பெட்டுக்குக் காலை எடுத்து வைத்தேன். சிஸ்டர் நகரவில்லை. காலிப் பெட்டின் கம்பியைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"கிட்ட யாரு இருந்தா?"

ஓவர் நோட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. எத்தனையோ வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். சொல்லும்போதுதான் அழுகை வந்தது. அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, 'நீ நல்லாத்தான் செய்தே' என்றெல்லாம் சொல்லவில்லை. மிச்ச பெட்டுகளின் ஓவரை இன்னொருத்தியிடம் எடுத்துக்கொண்டு, என்னை டிரெஸ்ஸிங் ரூமில் உட்காரச் சொல்லி, தூக்குவாளியைக் கையில் கொடுத்தார். அப்புறம் இருபத்திரண்டாம் பெட் பக்கம் போய் அந்தத் தக்கலைக்கார அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டு நின்றதைக் கதவு இடுக்கில் பார்த்தேன்.

அந்த மேலாண்மைக்காரர்கள் சொன்ன மூன்றும், உள்வாழ்க்கை, அர்த்தம், கூட இருக்கும் மனிதர்கள், அந்தக் காலை ஏழு மணிக்கு அந்த டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தன. நாலாவது மட்டும்தான் இல்லை. ஆஸ்பத்திரி மதிப்பதும் நாங்கள் மதிப்பதும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போயிருந்தால் அடுத்த மாத ரோஸ்டரில் அது தெரிந்திருக்கும்.

எங்கள் வார்டில் எல்லா மதமும் படுத்திருக்கும். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கிட்டத்தட்ட பாதிப் பாதி. நாலு சதவீதம் போல முஸ்லிம்கள். அய்யா வைகுண்டரைப் பின்பற்றும், கணக்கெடுப்பில் தனியாக எண்ணாத அய்யாவழி மக்கள் வேறு. தலையணைக்குக் கீழே என்ன இருக்கும் என்று பெட்ஷீட் மாற்றும்போதுதான் தெரியும்: திருநீற்றுப் பொட்டலம், ஜெபித்த எண்ணெய், தாயத்து, சாமித்தோப்பிலிருந்து கொண்டுவந்த நாமம். எடுத்து வைத்து, ஷீட்டை மாற்றி, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்போம். இதை எங்களுக்கு எந்த கிளாசிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஜோனாத்தன் பார்ட்டெல்ஸ் என்று ஒரு செவிலியர், நோயாளி இறந்ததும் அந்த இடத்தில் இருக்கிற எல்லோரும், டாக்டர், நர்ஸ், உதவியாளர் யாராக இருந்தாலும், கொஞ்ச நேரம் அமைதியாக நின்றுவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஜெபம் கிடையாது, பாட்டு கிடையாது. அவரவர் மனதில் அவரவர்க்குத் தோன்றுவது. படித்தவுடன், இது நமக்குச் சரிவரும் என்று தோன்றியது. செலவில்லை, மேனேஜ்மென்டிடம் கேட்கவும் வேண்டாம்.

முதல் தடவை ஒரு அய்யாவழித் தாத்தாவுக்கு நின்றோம். நெற்றியில் வெள்ளை நாமம், மகன் காதோரம் "அய்யா சிவ சிவா" சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கூட இருந்தவளும் பயிற்சி டாக்டரும். டாக்டர் பையன் என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். பதினைந்து நொடிகூட ஆகியிருக்காது, ஒன்பதாம் பெட்டில் மானிட்டர் கத்தியது. நான் ஓடினேன். அவர்கள் இரண்டு பேரும் மிச்சத்தையும் நின்று முடித்தார்கள்.

தரை துடைக்கிற அக்கா தூரத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் போல. அடுத்த வாரம் பதினாலாம் பெட்டில் ஒருவர் இறந்தபோது வாளியோடு வந்தவர் ஸ்கிரீனுக்கு வெளியே நின்று, "சிஸ்டர், நானும் நிக்கணுமா?" என்று கேட்டார். நிற்கலாம் அக்கா என்றேன். மாப்பைச் சுவரில் சாய்த்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, எங்களோடு கால்மாட்டில் நின்றார்.